மொத தடவ கூட்டாளியோட ரயில்ல தாய்லாந்து, 11 நாள்: ரெண்டு பேரும் பேசிக்கிட்டே திரும்பி வர முடியுமா?

நைட்ஷிப்ட்_பொண்ணு:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இன்னிக்குத்தான் மொத தடவ எழுதுறேன், நீளமா போயிட்டா மன்னிச்சுக்குங்க.

நானும் என் கூட்டாளியும் பினாங்குல, பாயான் லெப்பாஸ்ல ஒரே பேக்டரி, ஒரே லைன், அஞ்சு வருஷப் பழக்கம். ரெண்டு பேருக்கும் 25. வெளிநாடுன்னா எனக்கு ஹாட்யாய் ஒரு தடவ, குடும்பத்தோட பஸ்ல, போனோம் தின்னோம் வந்தோம். அவளுக்கு சிங்கப்பூர்ல அத்தை வீடு. அவ்ளோதான் எங்க உலகம். வர்ற ஜனவரியில 11 நாள் லீவு கெடச்சிருக்கு. ஏஜென்ட் வேணாம், பேக்கேஜ் வேணாம், முதுகுல ஆளுக்கு ஒரு பை, நாங்களே போயிட்டு வந்துறலாம்னு முடிவு பண்ணிட்டோம். தைப்பூசத்துக்கு முன்ன வீடு திரும்பியே ஆகணும், அம்மா பால்குடம் எடுக்குறாங்க, நான் இல்லேன்னா வருஷம் முழுக்க அதச் சொல்லியே காட்டுவாங்க.

பிளான் இதுதான்: பட்டர்வொர்த்துலேருந்து பாடாங் பெசார், அங்கேருந்து ராத்திரி ரயில்ல பேங்காக், அப்பறம் காஞ்சனபுரி, அப்பறம் சியாங் மாய், அங்கேருந்து பிளைட்ல வீடு. பிளைட் காசு தனி, மத்த செலவுக்கு ஆளுக்கு 2,000 வெள்ளி (ரிங்கிட்).

கேக்க வேண்டியது நெறைய. ராத்திரி ரயில் ரெண்டு பொண்ணுங்களுக்கு சேஃப்பா? காசு எப்படிப் பாத்துக்குறது, யார் எப்பக் குடுக்குறது? அவ செவ்வா வெள்ளி சைவம், நான் மாட்டத் தவிர எல்லாம் தின்னுவேன், அங்க சமாளிச்சுருவோமா?

ஆனா உண்மையான பிரச்சன வேற. அவளுக்கு காஞ்சனபுரியில ரெண்டு ராத்திரி தங்கணுமாம். அவ பாட்டியோட அப்பா ஜப்பான்காரன் காலத்துல கெடாவுல ஒரு தோட்டத்துலேருந்து சயாம் (இப்ப தாய்லாந்து), பர்மா ரயில் பாதை போடுற வேலைக்குப் போனவரு, திரும்பி வரல. பாட்டிக்கு அப்ப ரெண்டு வயசு. எனக்கும் கேக்க மனசு கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா 11 நாள்ல ரெண்டு நாள் ஒரு பாலத்தையும் ஒரு கல்லறையையும் பாத்துட்டு இருக்கணுமா? எனக்குக் கடல் பாக்கணும்னு ஆச, அத ஏற்கனவே அவளுக்காக வெட்டியாச்சு. இத எப்படி அவகிட்டச் சொல்றதுன்னு தெரியல. சொன்னா கல்லு மனசுக்காரின்னு நெனச்சுருவாளோன்னு பயம்.

பிறை_காரன்:

தங்கச்சி, ரயில்ல ஏன் போய் சாகுற. பினாங்குலேருந்து பேங்காக் பிளைட் ரெண்டு மணி நேரம் கூட இல்ல. நீ சொல்ற வழியில போனா வீட்டு வாசல்லேருந்து பேங்காக் வாசலுக்கு ஒரு நாள் முழுசா போயிரும். 11 நாள்ல ஒரு நாள் ரயில்லயே போச்சுன்னா கடல் பாக்க எங்க நேரம்?

செந்தூல்_பையன்:

பிறை அண்ணே, ரயிலே அந்த ட்ரிப்புல பாதி சந்தோஷம், அத விட்டுட்டு ஏர்போர்ட்ல குந்தச் சொல்றீங்களே லா.

தங்கச்சி, நான் இந்த ரூட்ல ரெண்டு தடவ போயிருக்கேன், கோலாலம்பூர்லேருந்து ஈடிஎஸ் ரயில் புடிச்சு. நீங்க பினாங்கு ஆளுங்க, உங்களுக்கு இன்னும் சுளுவு. பெர்ரி ஏறி பட்டர்வொர்த் போங்க, எறங்குனா பக்கத்துலயே ஸ்டேஷன், அங்க கோமுட்டர் ரயில் நேரா பாடாங் பெசார் போகும். ரெண்டு மணி நேரம் கிட்ட ஆகும், காசு 11 வெள்ளி சொச்சம்தான். பாடாங் பெசார்ல என்ன வசதின்னா மலேசியா இமிகிரேஷனும் தாய்லாந்து இமிகிரேஷனும் ஒரே ஸ்டேஷன்குள்ள, இங்க ஒரு சாப்பு (முத்திரை) அங்க ஒரு சாப்பு, முடிஞ்சுது.

பேங்காக் போற ரயில் சாயந்தரம் 5 மணிக்கு, ஆனா அது *தாய்லாந்து* 5 மணி, நம்ம மணிக்கு 6. அவங்க நமக்கு ஒரு மணி நேரம் பின்னாடி. இத மறந்து எங்க கூட வந்த ஒருத்தன் அடுத்த நாள் பூரா எல்லாத்துக்கும் ஒரு மணி நேரம் முந்தி வந்து நின்னான். டைம்டேபிள் அப்பப்ப மாத்துவாங்க, கெளம்புறதுக்கு மொத நாள் ஒரு தடவ பாத்துக்குங்க. டிக்கெட்ட தாய்லாந்து ரயில்வே வெப்சைட்லயே வாங்கலாம், சீக்கிரம் வாங்குங்க, அந்தப் பெட்டி நெறஞ்சுரும்.

ரெண்டாம் வகுப்பு ஏசி படுக்கை எடுங்க. பகல்ல எதிரும் புதிருமா ரெண்டு சீட்டு, ராத்திரி ஒருத்தர் வந்து சட்டு சட்டுன்னு இழுத்து மடக்கி மெத்த போட்டு வெள்ளத் துணி விரிச்சு ஸ்கிரீன் மாட்டிட்டுப் போவாரு, அதப் பாக்குறதே ஒரு வேடிக்க. கீழ் படுக்கை அகலம், சன்னலும் உண்டு. மேல் படுக்கை கொஞ்சம் மலிவு, ஆனா சன்னல் கெடையாது, ராத்திரி பூரா வெளக்கு மூஞ்சிலயே அடிக்கும், கண்ணு மூட துணி கொண்டு போங்க. ஏசி ஐஸ்பெட்டி மாதிரி, சுவெட்டர் கைல வெச்சுக்குங்க, பையடில பொதைக்காதீங்க.

சேஃப்டி பத்தி கேட்டீங்க. எங்க பெட்டியில பாதிப் பேரு குடும்பம், பாட்டிங்க, புள்ளைங்க. பாஸ்போர்ட்டும் காசும் வயித்துல கட்டிக்கிட்டு படுங்க, பெரிய பைய ஒரு சின்னச் சங்கிலி போட்டு பூட்டிருங்க. அதுக்கு மேல பயப்பட ஒண்ணுமில்ல. சாப்பாட்ட ஏறுறதுக்கு முன்னயே வாங்கிக்குங்க, பாடாங் பெசார் ஸ்டேஷன் மாடியில ஒரு கடை இருக்கு, பொட்டலமா தாப்பாவ் பண்ணிட்டு ஏறுங்க.

இன்னொண்ணு. தாய்லாந்து உள்ள போக இப்ப ஆன்லைன்ல ஒரு வருகை அட்டை பூர்த்தி செய்யணும், 2025 மே மாசத்துலேருந்து. போய்ச் சேர்றதுக்கு மூணு நாளுக்குள்ள பண்ணணும், *காசு கெடையாது*. கூகுள்ல தேடினா காசு கேக்குற சைட் மேல வரும், ஏமாந்துராதீங்க. பாஸ்போர்ட் ஆறு மாசத்துக்கு மேல செல்லுபடியா இருக்கான்னு இன்னிக்கே தெறந்து பாருங்க. ஜனவரின்னா நல்ல காலம்தான். நவம்பர் டிசம்பர்ல தெக்குத் தாய்லாந்துல மழை ஊத்தும், வெள்ளம் வந்தா தண்டவாளமே முங்கிரும்.

நைட்ஷிப்ட்_பொண்ணு:

அண்ணே ரொம்ப நன்றி!! பாஸ்போர்ட்டத் தெறந்து பாத்தேன், என்னுது ஓகே, அவளுது மார்ச்ல முடியுது 😅 அடுத்த வாரம் புதுசு எடுக்கப் போறா. நீங்க சொல்லலேன்னா பார்டர்ல நின்னுட்டு அழுதுட்டு இருந்திருப்போம்.

கூலிம்_அக்கா:

ரயில், பை, விசா எல்லாம் யாரு வேணா சொல்லிருவாங்கம்மா. நான் கூட்டாளி விஷயத்துக்கு வரேன், ஏன்னா நான் அதுல அடிபட்டவ.

2018ல பள்ளிக்கூடத்துலேருந்து பழகுன ஒருத்தியோட வியட்நாம் போனேன். பத்து நாள். சண்ட எதுல வந்துச்சுன்னு நெனைக்கிற? பெருசா ஒண்ணுமில்ல. அவ ஒரு சின்ன நோட்டுப் புஸ்தகம் வெச்சிருந்தா, யாரு எவ்ளோ குடுத்தாங்கன்னு எல்லாத்தையும் எழுதுவா. மொத நாள் எனக்கு அது நல்லதாத்தான் பட்டுச்சு. அஞ்சாவது நாள் ராத்திரி ஹோயி ஆன்ல ரூம்ல ஒக்காந்து கணக்குப் படிக்கிறா, தண்ணி போத்தல் ஒண்ணு, நீ பாதி குடிச்ச, அப்ப இவ்ளோ. நான் அந்தத் தண்ணியில ரெண்டு வாய்தான் குடிச்சேன்னு சொன்னேன். அவ நாலு வாய்னு சொன்னா. ரெண்டு பொம்பளைங்க, 26 வயசு, எத்தன வாய் தண்ணின்னு ராத்திரி பன்னெண்டு மணிக்கு சண்ட. மறுநாள் பஸ்ல அவ முன்னாடி சீட்டு, நான் கடைசி சீட்டு. திரும்பி வந்து ஒரு வருஷம் பேசல. இப்பப் பேசுறோம், அவ கல்யாணத்துக்கும் போனேன், ஆனா அந்தத் தண்ணி போத்தல் இன்னும் நடுவுலதான் இருக்கு.

அதனால நான் இப்ப யாரோட போனாலும் கூட்டுக்காசுதான். ஒரு சின்ன ஜிப் பர்ஸ், ஆளுக்கு 1,500 பாட் (தாய்லாந்து காசு) போடுறது, சாப்பாடு, டெக்சி, தண்ணி, டிக்கெட், ரெண்டு பேருக்கும் பொதுவானது எல்லாம் அதுலேருந்து. தீந்தா திரும்ப ஆளுக்கு சமமாப் போடுறது. யாரு எத்தன வாய் குடிச்சாங்கன்னு கேள்வியே வராது. உனக்கு மட்டும் ஒரு சட்ட வாங்குனா, அவளுக்கு மட்டும் ஒரு காப்பி வாங்குனா, அது சொந்தக் காசு. பர்ஸ ஒரு நாள் நீ வெச்சுக்க, ஒரு நாள் அவ வெச்சுக்கட்டும், எப்பவும் ஒருத்தியே வெச்சிருந்தா அவ தண்டல் மாதிரி ஆயிருவா.

அப்பறம் ஒரு நாள் பாதி தனித்தனியாப் போங்க. கோவிச்சுக்கிட்டு இல்ல, மொதல்லயே பிளான்லயே போட்ருங்க. அஞ்சாவது நாள் மத்தியானம் நீ மார்க்கெட், அவ எங்க வேணா, ராத்திரி சாப்பாட்டுக்கு சந்திக்கிறது. அப்பத்தான் பேச எதாச்சும் இருக்கும்.

பசி வந்தா ரெண்டு பேர்ல யாரு மொதல்ல மொறைப்பான்னு உனக்கே தெரியும், அவ பையில பிஸ்கட் போட்டு வை. நான் வெளையாட்டுக்குச் சொல்லல.

காஞ்சனபுரி விஷயம்: கெளம்புறதுக்கு முன்ன ரெண்டு பேரும் ஆளுக்கு *ஒண்ணே ஒண்ணு* எழுதுங்க, விட்டுக்குடுக்கவே முடியாதது. அவ என்ன எழுதுவான்னு உனக்குத் தெரியுது. நீ என்ன எழுதுவ? கடலா? நெசமாவே கடலா? பெர்ரி ஏறாமலே கடல் தெரியுற ஊர்ல இருந்துட்டு கடலுக்காகவா சண்ட போடப் போற?

நைட்ஷிப்ட்_பொண்ணு:

அக்கா 😂😂 அந்தக் கடல் வேற, இந்தக் கடல் வேற! ஆனா நீங்க கேட்டதும் யோசிச்சேன், எனக்கு விட்டுக்குடுக்க முடியாததுன்னு ஒண்ணுமே எழுத வரல. சும்மா வேற எடத்துல ஒரு நாள் அலாரம் இல்லாம எந்திரிக்கணும், அதுதான். நைட் ஷிப்ட்காரிக்கு வேற என்ன வேணும்.

சைவம்_மட்டும்:

சாப்பாடு பத்தி நான் சொல்றேன், தாய்லாந்துல மூணு மாசம் வேலையா இருந்தேன்.

"சைவம்"னு சொன்னா அவங்களுக்குப் புரியாது, "ஜே" அப்படின்னு சொல்லணும். மஞ்சள் கொடியில செவப்பு எழுத்து போட்ருந்தா அது ஜே கடை, கண்ண மூடிட்டு சாப்டலாம், முட்டை கூட இருக்காது, பூண்டு வெங்காயமும் சேர்க்க மாட்டாங்க. மத்த கடையில வெறும் காய்கறி பொரியல்னு கேட்டாலும் மீன் சாஸ் ஊத்திருவாங்க, அது அவங்களுக்கு நம்ம உப்பு மாதிரி, அசைவம்னே நெனைக்க மாட்டாங்க. "மாய் சாய் நாம் ப்லா"ன்னு சொல்லிப் பழகிக்குங்க, மீன் சாஸ் போடாதன்னு அர்த்தம். சிப்பி சாஸும் கேட்டுக்குங்க.

உங்களுக்கு: மாடு "நுவா". தெருவுல விக்கிற படகு நூடுல்ஸ்ல மாடு, பன்னி ரெண்டுல எதாச்சும் இருக்கும், அந்தக் கருத்த சூப்புல ரத்தம் கலப்பாங்க. அந்த மாதிரி நூடுல்ஸ "நாம் தொக்"னு சொல்வாங்க. நாம் தொக்னா அருவி. நீங்க போற காஞ்சனபுரி லைன்ல கடைசி ஸ்டேஷன் பேரும் நாம் தொக்தான், பக்கத்துல அருவி இருக்குறதால. ஸ்டேஷன் பேரச் சொல்லி வழி கேக்கப் போயி ஒரு ஆயா என்னைய நூடுல்ஸ் கடையில ஒக்கார வெச்சுருச்சு.

வெள்ளிக்கெழம பேங்காக்ல இருந்தா சீலோம்ல மாரியம்மன் கோயில் இருக்கு, நம்ம கோபுரம் அப்படியே. தாய்க்காரங்க "வாட் கேக்"னு சொல்வாங்க. உள்ள போனா நம்ம ஆளுங்கள விட தாய்க்காரங்கதான் கூட்டம், சாமந்தி மாலையும் தேங்காயும் வெச்சுக்கிட்டு நிக்கிற பக்தியப் பாத்தா நமக்கு வெக்கமா இருக்கும்.

பெரிய அரண்மனை பக்கம் யாராச்சும் நல்லா உடுத்துன ஆளு வந்து "இன்னிக்கு மூடிட்டாங்க, நான் வேற எடம் காட்றேன்"னு சொன்னா நிக்காம நடங்க. டுக்டுக்குல ஏத்தி கல்லு நகைக் கடையில கொண்டு போய் எறக்குவான். தொழிலே அதுதான்.

பிறை_காரன்:

காசு பத்தி யாரும் சொல்லல. ஏடிஎம்ல எடுத்தா ஒவ்வொரு தடவையும் பெரும்பாலும் 220 பாட்டோ அதுக்கு மேலயோ புடுங்குவான், கம்மியா கம்மியா எடுக்காதீங்க. நம்ம போன்ல டூயிட்நவ் (காசு கட்டுற வசதி) இருக்குற ஆப்பு பலது அங்க உள்ள அதே மாதிரி பிராம்ப்ட்பே கியூஆர ஸ்கேன் பண்ணும், பசார் மாலாம் (ராத்திரிச் சந்தை) கடையில கூட ஒட்டி வெச்சிருப்பாங்க. ஆனா கெராமத்துல நோட்டுதான். வேப் கொண்டு போகாதீங்க, அங்க சட்டப்படி தடை, பையப் பாத்து போலீசு புடிக்கும். சியாங் மாய்ல மோட்டோ வாடகைக்கு எடுக்கணும்னு ஆச வரும், மோட்டோ லைசன்ஸ் இல்லாம ஓட்டி விழுந்தா இன்சூரன்ஸ் பத்து காசு தராது. சரி, ரயில்லயே போய்த் தொலைங்க 😄

மீசை_மாமா:

மகளே, எனக்கு வயசு 68, டைப் பண்ண நேரமாவும், பொறுமையாப் படி.

எங்க அப்பா சயாம் போய்ட்டுத் திரும்பி வந்தவரு. பேராக்ல ஒரு தோட்டம். ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், ரெண்டு மூணு மாசத்துல வந்துறலாம்னு சொல்லி லாரியில ஏத்துனாங்களாம். அப்பறம் சரக்கு ரயில், சன்னல் இல்லாத இரும்புப் பொட்டி, ஆளு மேல ஆளு. எங்க எறக்குறாங்கன்னு யாருக்கும் தெரியாது. அவரு அதப்பத்தி அதிகம் பேச மாட்டாரு. கணுக்காலுக்கு மேல குழி மாதிரி ஒரு தழும்பு இருந்துச்சு, காட்டுல புண்ணு வந்து எலும்பு வரைக்கும் அரிச்சது. நாங்க சின்னப் புள்ளைங்களா இருக்கும்போது அதுல வெரல வெச்சு அழுத்திப் பாப்போம், அவரு பேப்பர் படிச்சுட்டே இருப்பாரு, கால இழுக்க மாட்டாரு.

பேச்சு வந்தா ஒண்ணே ஒண்ணுதான் சொல்வாரு. வாந்திபேதி வந்த குடிசைய ஆளோட கொளுத்துனாங்கன்னு. அதுக்கு மேல கேட்டா எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருவாரு.

நான் 2011ல போனேன். நீ பாலம், கல்லறைன்னு சொன்ன. அந்தக் கல்லறை ரொம்ப அழகா இருக்கும், புல்லு வெட்டி, பூச்செடி வெச்சு, கிட்டத்தட்ட 7,000 பேருக்கு ஆளுக்கு ஒரு கல்லு, பேரு, வயசு. பிரிட்டிஷ்காரன், ஆஸ்திரேலியாக்காரன், டச்சுக்காரன், எல்லாம் கைதியாப் போன சிப்பாய்ங்க. நம்ம ஆளுங்களும் சேத்து ஆசியத் தொழிலாளிங்க அவங்கள விடப் பல மடங்கு போயி பல மடங்கு செத்தாங்க. ஒருத்தன் பேரு அங்க கெடையாது. நான் வரிச வரிசையா நடந்தேன், இருக்காதுன்னு தெரியும், ஆனாலும் நடந்தேன்.

அதனால உன் கூட்டாளிகிட்டச் சொல்லு, அங்க மட்டும் நின்னுட்டு வந்துறாதீங்க. பக்கத்துலயே வாட் தாவோர்ன்னு ஒரு கோயில், அதுக்குள்ள ஆசியத் தொழிலாளிங்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கு. தமிழங்க பேர்ல ஒரு நடுகல்லும் இப்ப வெச்சிருக்காங்கன்னு கேள்வி, நான் போனப்ப இல்ல. கல்லறைக்கு முன்னால இருக்குற ரயில்வே மியூசியத்துல தமிழ்த் தொழிலாளிங்களப் பத்தியும் இருக்கும், அதையும் பாருங்க.

ரெண்டு ராத்திரி வேணுமா? வேணும், காரணம் சொல்றேன். பேங்காக்ல தோன்புரி ஸ்டேஷன்லேருந்து காஞ்சனபுரிக்கு ஒரு நாளைக்கு ரெண்டே ரயில், காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, வெளிநாட்டுக்காரங்களுக்கு 100 பாட். காத்தாடி ஓடும், மரச் சீட்டு, மூணு மணி நேரம் கிட்ட. மொத நாள் ஊர்ல கோயில், மியூசியம். மறுநாள் அதே லைன்ல நாம் தொக் வரைக்கும் போங்க, போகும்போது *எடது பக்கம்* ஒக்காருங்க. பாலத்தத் தாண்டி ஒரு எடத்துல மலைய ஒட்டி மரக்கட்டையில தண்டவாளம் போட்ருக்கும், கீழ ஆறு. ரயில் நட மாதிரி போவும். கட்ட ஒவ்வொண்ணா முனகும். எங்க அப்பா மாதிரி ஆளுங்க தூக்குன கட்டை அந்த எடம் மாதிரி எடத்துலதான். நாம் தொக்லேருந்து வண்டி புடிச்சா ஹெல்பயர் கணவாய், பாறைய கையால கொடஞ்சு வழி பண்ண எடம், ஆஸ்திரேலியா அரசாங்கம் மியூசியம் கட்டியிருக்கு, காசு வாங்குறதில்ல. தொப்பியும் தண்ணியும் கொண்டு போ, நல்ல சப்பாத்து (ஷூ) போட்டுக்க.

அந்த ரயில் பாதை மொத்தம் 415 கிலோமீட்டர், பர்மா வரைக்கும், 1943 அக்டோபர்ல முடிச்சாங்க. ஒரு வருஷம் சொச்சம். இன்னிக்கு நாம் தொக்கோட முடிஞ்சுருது.

இன்னொண்ணு சொல்றேன். நீங்க பாடாங் பெசார்லேருந்து மெத்தையில படுத்துப் போறீங்களே, அதே தடத்துலதான் அந்தப் பொட்டிங்களும் போச்சு. விடிஞ்சதுக்கு அப்பறம், பேங்காக் வர்றதுக்கு முன்னால, பான் போங், நோங் ப்லாடுக்னு ரெண்டு ஸ்டேஷன் வரும். நோங் ப்லாடுக்லதான் அந்த பர்மா பாதை, மரண ரயில்னு சொல்றது, பிரியுது. தூங்கிட்டுப் போயிறாதீங்க.

அருவி வேணும்னா காஞ்சனபுரியிலேருந்து பஸ்ல எரவான் போகலாம், ஏழு தட்டு அருவி, குளிக்கலாம். உனக்குக் கடல் இல்லேன்னாலும் தண்ணி கெடைக்கும் மகளே.

நைட்ஷிப்ட்_பொண்ணு:

மாமா, பிரேக்ல படிச்சுட்டு அப்படியே லாக்கர் ரூம்ல ஒக்காந்துட்டேன். அவகிட்ட போன நீட்டி படின்னு குடுத்தேன். படிச்சுட்டு ஒண்ணும் சொல்லல, தழும்பு பத்தி மட்டும் ரெண்டாவது தடவ படிச்சா.

ரெண்டு ராத்திரி போட்டாச்சு. பேங்காக்ல ஒரு நாள் கொறச்சாச்சு. எரவான் எனக்கு.

செந்தூல்_பையன்:

பை பத்தி ஒரு வார்த்த. ரெண்டு பேரும் 40 லிட்டருக்கு மேல வாங்காதீங்க, பெருசா இருந்தா நெறப்பத் தோணும். மூணு நாளுக்கு துணி, துவைச்சுக்கலாம், காசு போட்டுத் துவைக்கிற கடை மூலைக்கு மூலை. ஒரு சப்பாத்து, ஒரு செலிப்பர். சியாங் மாய் ஜனவரி ராத்திரி குளுரும். அம்மா ஊறுகா போத்தல் குடுத்தா வாங்கிக்குங்க, சண்ட போடாதீங்க, ஆனா ரெண்டு பிளாஸ்டிக் பையில கட்டுங்க. என்னோடது தொறந்துக்கிட்டு ஒரு வாரம் எலுமிச்ச ஊறுகா வாசனையோட சுத்துனேன்.

நைட்ஷிப்ட்_பொண்ணு:

மக்களே, போயிட்டு வந்துட்டோம்! தைப்பூசமும் முடிஞ்சு கால் வலி இன்னும் இருக்கு. சொன்னவங்களுக்கு எல்லாம் கணக்கு ஒப்படைக்கணும்ல, அதுக்காக எழுதுறேன்.

பேசிக்கிட்டேதான் வந்தோம். ஒரே ஒரு சண்ட, சியாங் மாய்ல, ஏழாவது நாள், அவ வழி தெரியும்னு சொல்லி ஒரு மணி நேரம் நடக்க விட்டா. கூலிம் அக்கா, பிஸ்கட் வேல செஞ்சுச்சு. அதுக்கு அடுத்த நாள் பாதி தனித்தனியாப் போனோம், ரெண்டு பேரும் தெரியாம ஒரே கடையில போயி சந்திச்சுக்கிட்டோம், ஒரே மாதிரி பை வாங்கிருக்கோம்.

ரயில்ல அவ காலைல அலாரம் வெச்சுட்டா (நான் அலாரமே வேணாம்னு சொன்ன ட்ரிப்பு!). ஸ்கிரீன தள்ளிட்டு நான் கீழ எறங்கி அவ படுக்கையில ஒக்காந்தேன். வெளிய நெல்லு வயலு, பனி மாதிரி மூட்டம், தென்னமரம், பாத்தா கெடா மாதிரியே இருக்கு. நோங் ப்லாடுக் போர்டு வந்துச்சு, போச்சு. போட்டோ எடுக்கலாம்னு போன தூக்குறதுக்குள்ள தாண்டிருச்சு.

காஞ்சனபுரியில மாமா சொன்ன கோயிலுக்குப் போனோம். நடுகல் இருக்கு மாமா. அவ பாட்டி கெளம்பும்போது பத்து வெள்ளி நோட்டு ஒண்ணு மடிச்சுக் குடுத்திருந்துச்சாம், அங்க எதாச்சும் கோயில் இருந்தா உண்டியல்ல போடுன்னு. எனக்கே அப்பத்தான் தெரியும். மலேசியா காச இங்க போட்டா இவங்களுக்கு என்ன பிரயோசனம், பாட்டா மாத்திப் போடட்டான்னு என்னையக் கேட்டா. நான் அப்படியே போடுன்னு சொன்னேன். பாட்டி எட்டா மடிச்சத அவ பிரிக்கல, உண்டியல் ஓட்ட சின்னது, கொஞ்ச நேரம் உள்ள போகல, வெரலால தள்ளி விட்டா.

மறுநாள் எடது பக்கம் ஒக்காந்தோம். கட்டை முனகுறது நெசம்.

எரவான்ல நாலாவது தட்டு வரைக்கும்தான் ஏறுனேன், மீனு வந்து கால கடிச்சதுல கத்திட்டு ஓடி வந்துட்டேன். கூட்டுக்காசுல மிச்சம் 47 பாட். அந்தப் பத்து வெள்ளிய அதுல எழுதல.

மீசை_மாமா:

நடுகல்லு போட்டோ எடுத்திருந்தா போடு மகளே.

பிறை_காரன்:

எல்லாம் சரி, மேல் படுக்கை யாரு?

நைட்ஷிப்ட்_பொண்ணு:

மாமா, போட்டோ தனியா அனுப்புறேன், அவளும் அதுல நிக்கிறா, அவகிட்ட கேட்டுட்டு.

பிறை அண்ணே, நான்தான். ராத்திரி பூரா வெளக்கு அணைக்கவே இல்ல. கண்ணு மூடுற துணி பையடில இருந்துச்சு.